ரமணர் கதை: சித்திரக்கதையா, புகைப்பட நூலா?

திருவண்ணாமலையில் வாழ்ந்த ஞானி ரமணரைப் பற்றி எதுவும் தெரியாதவருக்குப் படத்தோடு ஒரு முதல் புத்தகம் வேண்டும் என்றால், கண்ணில் படுபவை இரண்டு வகை: கட்டம் கட்டமாக வரைந்த சித்திரக்கதை, பழைய புகைப்படங்களை அடுக்கிக் கீழே நாலு வரி எழுதிய நூல்.

புகைப்பட நூல் ஆரம்பத்திலேயே தடுமாறுகிறது. கதையின் உச்சம் 1896ல் நடந்தது. அப்போது படமெடுக்க யார் இருந்தார்கள்? மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறை. திடீரென மரண பயம். பதினாறு வயதுப் பையன் வெங்கடராமன், பின்னாளில் ரமணர் ஆனவன், கைகாலை விறைப்பாக நீட்டி, வாயை இறுக மூடி, பிணம் மாதிரி படுத்துப் பார்க்கிறான். சில வாரங்களில், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, கையெழுத்தில்லாத ஒரு கடிதத்தோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். காசு போதாமல் வழியில் கீழூர் என்ற ஊரில் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்கிறான். இதையெல்லாம் ஓவியர்தான் காட்ட முடியும்.

ஆனால் எல்லா ஓவியரும் காட்டுவதில்லை. சிலர் பிறந்ததிலிருந்தே தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுவிடுகிறார்கள். பந்து விளையாடிய, அடித்தாலும் எழாத அளவுக்குத் தூங்கிய வெங்கடராமன் அதில் காணாமல் போகிறான். அப்புறம் அவனுக்கு வந்த மரண பயத்தை யார் நம்புவார்கள்?

பிற்பாதியில் நிலைமை தலைகீழ். 1946ல் வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தில் உள்ள கண்களை எந்தத் தூரிகையும் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம். கௌபீனமும் கைத்தடியும் கமண்டலமுமாக மலையடியில் நிற்கும் படமும், பசு லட்சுமியோடு இருக்கும் படமும் ஆசிரம வாழ்க்கையை விளக்கமில்லாமலே சொல்லிவிடுகின்றன. 1950 ஏப்ரல் 14ல் அவர் மறைந்தபோது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் கேமராவோடு அங்கேயே இருந்தார். சித்திரக்கதையில் இந்த ஆண்டுகள் பெரும்பாலும் உபதேசப் பலூன்களாகச் சுருங்கிவிடுகின்றன.

பத்து வயதுக் குழந்தைக்கு என்றால் யோசிக்காமல் சித்திரக்கதை. பெரியவர்களுக்குப் புகைப்பட நூல், ஆனால் மதுரைக் காலத்துக்கு நாலைந்து பக்கமாவது எழுத்து இருக்க வேண்டும். சித்திரக்கதை வாங்கும்போது மாடி அறைப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். பையன் தரையில் கிடந்தால் சரி. அந்தரத்தில் ஒளி வீசிக்கொண்டிருந்தால் வேறு பதிப்பைப் பாருங்கள்.