மஸ்ட் ஹாவ் பீனா, ஷுட் ஹாவ் பீனா? ஒரே 'வேண்டும்', எதிரெதிர் அர்த்தம்

"தி கஸ்டமர் ஷுட் ஹாவ் பீன் இன்ஃபார்ம்ட்." என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் மெயிலில் எழுதிய வரி இது. சரக்கு போய்ச்சேர நாலு நாள் தாமதமாகும் என்பது கஸ்டமருக்குத் தெரியுமா என்று மேலாளர் கேட்டிருந்தார். இவன் மனதில் ஓடியது "தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும்", அதாவது அநேகமாகச் சொல்லியிருப்பார்கள் சார். மேலாளர் படித்ததோ "சொல்லியிருக்கணும், ஆனா சொல்லலை". அரை மணி நேரத்தில் யார் சொல்லாமல் விட்டது என்று விசாரணையே ஆரம்பித்துவிட்டது. அவன் சொல்ல நினைத்ததற்கு உரிய வாக்கியம் "மஸ்ட் ஹாவ் பீன் இன்ஃபார்ம்ட்". ஒரு சொல்தான் வித்தியாசம், அர்த்தம் தலைகீழ்.

இது அவன் இங்கிலீஷ் சரியில்லாததால் வந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழில் 'வேண்டும்' இரண்டு வேலையும் பார்க்கிறது. "தரை ஈரமா இருக்கு, ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும்" என்றால் ஊகம். "நேற்றே பணம் கட்டியிருக்க வேண்டும்" என்றால் கட்டவில்லையே என்ற குறை. குரலையும் இடத்தையும் வைத்து நாம் பிரித்துக்கொள்கிறோம், ஒரு நாளும் குழம்புவதில்லை. இங்கிலீஷ் இந்த இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருக்கிறது, ஊகத்துக்கு மஸ்ட், குறைக்கு ஷுட். அதிலும் பேசிவ் வாய்ஸில், அதாவது செயப்பாட்டு வினையில், செய்தவர் யார் என்பதே பெரும்பாலும் வாக்கியத்தில் இருக்காது. அப்போது மொத்த அர்த்தமும் அந்த ஒற்றைத் துணைவினையின் தலையில்தான் உட்காருகிறது.

நான் பயன்படுத்தும் சோதனை எளிது. தமிழில் நினைத்த வாக்கியத்தின் பின்னால் "ஆனால் நடக்கவில்லை" என்று ஒட்டிப் பாருங்கள், பொருந்தினால் ஷுட். "என்றுதான் நினைக்கிறேன்" பொருந்தினால் மஸ்ட். ஒரு விதிவிலக்கு உண்டு: "தி பார்சல் ஷுட் ஹாவ் பீன் டெலிவர்ட் பை நவ்" என்றால் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பாகவும் இருக்கலாம், இன்னும் வரவில்லையே என்ற புகாராகவும் இருக்கலாம். இங்கிலீஷ்காரர்களே அதைச் சூழலை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அதனால் ஊகத்தைச் சொல்ல நான் ஷுட் பக்கமே போவதில்லை.

'லாம்' கதையும் இதேதான். "விபத்தைத் தவிர்த்திருக்கலாம்" என்றால் தவிர்க்கவில்லை, வாய்ப்பு கை நழுவிவிட்டது. "பார்சல் தொலைந்திருக்கலாம்" என்றால் தெரியவில்லை, இனிமேல்தான் தேட வேண்டும். முதலாவதற்கு "குட் ஹாவ் பீன் அவாய்டட்", இரண்டாவதற்கு "மே ஹாவ் பீன் லாஸ்ட்". இதை மாற்றிப் போட்டு "தி ஆக்சிடென்ட் மே ஹாவ் பீன் அவாய்டட்" என்று எழுதினால், விபத்து நடந்ததா இல்லையா என்பதே எழுதியவருக்குத் தெரியாது போலத் தோன்றும். நடந்து முடிந்த விபத்தைப் பற்றிய அறிக்கையில் இப்படி ஒரு வரி வந்தால் எவ்வளவு தப்பாக இருக்கும்! குட், மைட் இரண்டும் இரு பக்கமும் போகக்கூடியவை. மே மட்டும் 'தெரியவில்லை' என்ற பக்கத்தில் உறுதியாக நிற்கும், அதனால் தெரியாத விஷயத்துக்கு எப்போதும் மே.

வாக்கிய அமைப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. துணைவினை, அப்புறம் பீ, அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம், பள்ளியில் படித்த அதே சூத்திரம். நடந்து முடிந்ததற்கு பீ இருந்த இடத்தில் ஹாவ் பீன். "மஸ்ட் பீ சப்மிட்" என்று பலர் எழுதுவதற்குக் காரணம், சப்மிட்டட் என்பதன் கடைசி ஓசை காதில் சரியாக விழாததாக இருக்கலாம்.

எதிர்மறையில் நிலைமை அப்படியே திரும்பிவிடுகிறது, இங்கே தமிழ்தான் தெளிவு. கூடாது, வேண்டியதில்லை, முடியாது என்று மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. இங்கிலீஷில் மஸ்ட் நாட், நீட் நாட், கேனாட். வேண்டும் என்றால் மஸ்ட், அப்படியானால் வேண்டியதில்லை என்றால் மஸ்ட் நாட் என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். அது உறையக் கூடாது, "மஸ்ட் நாட் பீ ஃப்ரோஸன்". ஆனால் பல வகைகளில், பயன்படுத்தத் தொடங்கிய புட்டியைக் குறிப்பிட்ட நாட்கள்வரை வெயில் சூடு படாத இடத்தில் வெளியே வைத்துக்கொள்ளலாம், அதாவது "நீட் நாட் பீ ரெஃப்ரிஜரேட்டட்". இதில் நீட் நாட் இருக்க வேண்டிய இடத்தில் மஸ்ட் நாட் போட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்றாகிவிடும். அலுவலகச் சுற்றறிக்கைகளில் அடிக்கடி பார்க்கும் "மே நாட் பீ"யை நான் தொடுவதே இல்லை. அனுமதி இல்லை என்றும் படிக்கலாம், நடக்காமல் போகலாம் என்றும் படிக்கலாம்.

அடுத்து, விதி எழுதும்போது மஸ்ட் பீயா, ஷால் பீயா, ஷுட் பீயா? ஷாலுக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 21வது பிரிவு "நோ பெர்சன் ஷால் பீ டிப்ரைவ்ட்" என்றுதான் தொடங்குகிறது, 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனத்திலும் "நோ ஒன் ஷால் பீ ஹெல்ட் இன் ஸ்லேவரி" என்று வருகிறது. யார் அடிமையாக்கினாலும் தப்பு, அதனால் செய்பவரைச் சொல்லாத பேசிவ் அங்கே சரியாக உட்காருகிறது. ஆனாலும் ஷால் சில இடத்தில் கட்டளை, சில இடத்தில் வெறும் எதிர்காலம். இந்தக் குழப்பத்தால் சட்டம் எழுதுபவர்களே அதை விட்டு விலகி வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு மஸ்ட் பக்கம் போனது, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோது 2007இல் ஷாலை எடுத்துவிட்டார்கள். இணையத் தொழில்நுட்பத் தரங்களுக்காக 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் வேறு வழி கண்டது: மஸ்டும் ஷாலும் ஒன்று, கட்டாயம், ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் மட்டும் விடலாம், மே என்றால் உங்கள் விருப்பம். அந்தத் தரங்களில் ஒரு ஷுட்டைப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் வளையும் என்று தெரிந்துவிடும்.

என் கட்சி மஸ்ட். "ஃபீஸ் ஷுட் பீ பெய்ட் பை தி டென்த்" என்று எழுதினால் பதினொன்றாம் தேதி வருபவரிடம் வாதாட முடியாது, கட்டினால் நல்லது என்றுதானே சொன்னீர்கள் என்பார். மருந்து அட்டையில் "நாட் டு பீ சோல்ட் பை ரீடெய்ல் விதவுட் தி பிரிஸ்கிரிப்ஷன்" என்று துணைவினையே இல்லாமல் வருவதும் கட்டளைதான். இடம் குறைவான அட்டைக்கு அது போதும், மெயிலில் அப்படி எழுதினால் விறைப்பாக இருக்கும். பேச்சில் மஸ்டும் விறைப்புதான், "நீட்ஸ் டு பீ டன்" அல்லது "ஹாஸ் டு பீ டன்" இயல்பாக வரும்.

கடைசியாக, பேசிவ் தேவைதானா? "விண்ணப்பத்தை 15ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்" என்று தமிழில் யார் கொடுக்க வேண்டும் என்று சொல்லாமலே செய்வினையில் எழுதிவிடலாம். இங்கிலீஷ் வாக்கியத்துக்குப் பொதுவாக எழுவாய் இல்லாமல் தீராது, அதனால் விண்ணப்பத்தையே எழுவாயாக்கி "மஸ்ட் பீ சப்மிட்டட்" என்கிறார்கள். அதைத் திரும்பத் தமிழாக்கி "சமர்ப்பிக்கப்பட வேண்டும்" என்று எழுதும் அறிவிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, "கொடுக்க வேண்டும்" என்பதில் என்ன குறை? பொது விதிக்கு இங்கிலீஷில் பேசிவ் நல்லது. யார் செய்தார் என்பதே கேள்வியாக இருக்கும்போது ஆக்டிவ்தான் நல்லது. அந்தத் தம்பி அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது மெயில் போட்டான்: "ஐ திங்க் சேல்ஸ் டோல்ட் தெம் ஆன் மண்டே. ஐ வில் கால் அண்ட் கன்ஃபர்ம்." விசாரணை அத்தோடு நின்றது.