பழ ஈ: 1994 கணக்கா, 2015 கணக்கா?

பினாங்கின் பாலிக் புலாவில் கொய்யாவுக்குப் பை கட்டுகிறோமே, அந்தப் பழ ஈக்கு இரண்டு வகைப்பாடுகள் உண்டு. 1994இல் டுரூ, ஹான்காக் என்ற பூச்சியியலாளர்கள், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பழ ஈக்களான பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் கூட்டத்தைப் பல இனங்களாகப் பிரித்தார்கள். நம்மூர் ஈ ‘பப்பாயே’ என்ற தனி இனமானது. அதோடு ‘கராம்போலே’யும் வந்தது. சொல்ல வசதிதான். ஆனால் பூதக்கண்ணாடி வைத்தாலும் டார்சாலிஸுக்கும் பப்பாயேவுக்கும் இடையே தெளிவான கோடு கிடைக்காது.

2015இல் பப்பாயே, பிலிப்பினென்சிஸ், ஆப்பிரிக்காவில் பரவிய இன்வேடென்ஸ் ஆகிய மூன்று இனங்களையும் டார்சாலிஸிலேயே சேர்த்துவிட்டார்கள். இவை தங்களுக்குள் தடையின்றிக் கூடி இனம் பெருக்குகின்றன. மரபணுவும் பிரித்துக் காட்டவில்லை. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

கராம்போலே மட்டும் தனி இனமாகவே நீடிக்கிறது. ஆனால் ஆண் ஈக்களை ஈர்க்கும் மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருள் வைத்த பொறியில் டார்சாலிஸ், கராம்போலே இரண்டின் ஆண்களும் விழும். அப்புறம் பிரிப்பது உங்கள் பாடு.