முதலாவது சிஎன்சி மில்லிங் இயந்திரம்: கிளிநொச்சிப் பட்டறை ஒன்றில் ஏழு ஆண்டு அனுபவம்

பரந்தனுக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையே, ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் பட்டறையில் 2017 வரை ஒரு லேத், ஒரு துளையிடும் இயந்திரம், இரண்டு வெல்டிங் பிளான்ற் ஆகியவையே இருந்தன. அரிசி ஆலைகளின் தேய்ந்த சாப்டுகள், லான்ட்மாஸ்டர் கியர்பெட்டிகள், நீர்ப்பம்பிகளின் உடைந்த மூடிகள், அறுவடை இயந்திரங்களின் சங்கிலிப் பற்சக்கரங்கள் என்று எங்களிடம் வரும் வேலையில் பாதிக்கு மேல் லேத்திலேயே முடிந்துவிடும். சாவிக் காடி (சாப்டையும் சக்கரத்தையும் பூட்டும் சாவிக்கான பள்ளம்) வெட்டுவது, தட்டைப் பரப்பைச் சீவுவது, ஒரு வட்டத்தில் சம இடைவெளியில் துளைகள் இடுவது ஆகிய வேலைகளுக்கு மட்டும் பொருளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெரும்போக அறுவடை முடிந்து ஆலைகள் இரவு பகலாக ஓடும் மாசி, பங்குனி மாதங்களில், ஒரு சாவிக் காடிக்காக ஓர் ஆலை மூன்று நாள் நிற்பதைப் பார்த்த பிறகே, சுழலும் கட்டரால் பொருளைச் சீவும் மில்லிங் இயந்திரம் ஒன்றை, அதிலும் கணனிக் கட்டளைப்படி தானே நகர்ந்து வெட்டும் சிஎன்சி வகையை, சொந்தமாக வாங்க முடிவு செய்தேன்.

2018இன் தொடக்கத்தில் வாங்கிய அந்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது. வாங்குமுன் நான் பல மாதங்கள் ஒப்பிட்டுப் பார்த்தவை வேகம், அச்சுகளின் (நகரும் திசைகளின்) எண்ணிக்கை, விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்த துல்லியம் ஆகியவையே. இயந்திரத்தின் கனம், பட்டறைக்கு வரும் மின்சாரத்தின் தன்மை, கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் அதை நானே திறந்து சரிசெய்ய முடியுமா என்பது ஆகிய மூன்றுமே இந்த ஏழு ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தன. இவற்றை அப்போது யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. அலுமினியச் சட்டத்தில் அமைந்த, ரவுட்டர் என்ற குடையும் இயந்திரம் மிகவும் மலிவு. பலகையிலும் அலுமினியத் தகட்டிலும் அழகாக வேலை செய்யும், ஆனால் இரும்பைத் தொட்டவுடன் அதிரும். எங்களிடம் வருவது பெரும்பாலும் இரும்பும் வார்ப்பிரும்பும் என்பதால் அதை ஒரே நாளில் ஒதுக்கிவிட்டேன். பழைய ஜப்பானிய மெசினிங் சென்றர் (தொழிற்சாலைகளுக்கான பெரிய சிஎன்சி மில்லிங் இயந்திரம்) ஒன்றைக் கொழும்பில் பார்த்தேன். அதன் வார்ப்பைப் பார்த்து மனம் மிகவும் ஆசைப்பட்டது. ஆனால் அதற்கு மூன்று பேஸ் மின்சாரமும், பல தொன் பாரத்தைத் தாங்கும் அடித்தளமும், இறக்குவதற்குக் கிரேனும் வேண்டும். மூன்றாவது வழி, கையால் இயக்கும், மேசை மேலும் கீழும் ஏறி இறங்கும் பழைய நீ-டைப் மில்லிங் இயந்திரத்தை வாங்கி மோட்டர்களும் மேசையைத் தளர்வின்றி நகர்த்தும் போல் ஸ்குருவும் பூட்டிச் சிஎன்சியாக மாற்றுவது. இதற்கு மில்லிங்கும் மின்னணுவியலும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் இயந்திரத்தையே படிக்கும் பாடமாகவும் பிழைப்பாகவும் ஒருசேர வைத்துக்கொள்வது கடினம். ஆகவே நான்காவதாக, சிஎன்சியாகவே கட்டப்பட்டு வரும் சிறிய வார்ப்பிரும்புத் தூண் இயந்திரம் ஒன்றை எடுத்தேன். எடை ஏறத்தாழ 400 கிலோ, எக்ஸ் அச்சில் (இடவலமாக) 450 மில்லிமீற்றரும் வை அச்சில் (முன்பின்னாக) 200 மில்லிமீற்றரும் நகர்வு, ஒற்றைப் பேஸ் மின்சாரத்தில் ஓடும் 1.5 கிலோவாற் சுழல்தண்டு (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு), நிமிடத்துக்கு அதிகபட்சம் 4,000 சுற்று.

அந்த 4,000 சுற்று போதாது என்று பலர் சொன்னார்கள். வேலையை வைத்துக் கணக்குப் பார்த்தால் விடை வேறு. சுற்று என்பது வெட்டும் வேகத்தை (கட்டரின் விளிம்பு நிமிடத்துக்குப் போகும் மீற்றரை) ஆயிரத்தால் பெருக்கி, பை மடங்கு கட்டரின் மில்லிமீற்றர் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. மென்னிரும்பை 10 மில்லிமீற்றர் கார்பைட் கட்டரால் நிமிடத்துக்கு 100 மீற்றர் வேகத்தில் வெட்ட 3,180 சுற்று போதும். நான்கு பல் கொண்ட கட்டரில் பல்லுக்கு 0.04 மில்லிமீற்றர் என்று கொடுத்தால் மேசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 510 மில்லிமீற்றர் நகரும். அதே கட்டரால் அலுமினியத்தை 250 மீற்றர் வேகத்தில் வெட்ட 8,000 சுற்று வேண்டும். அது என் இயந்திரத்தால் முடியாது, அதனால் அலுமினியத்தை மெதுவாகவே வெட்டுகிறேன். அலுமினிய மோல்ட்டுகளும் பெயர்ப் பலகைகளும் செய்பவர் என் தெரிவைப் பின்பற்றக் கூடாது. விவசாய இயந்திரங்களின் இரும்பு உதிரிப்பாகங்களைச் செய்பவருக்குத் தாழ்ந்த சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசையே முக்கியம்.

கனத்தைப் பற்றி முதலாண்டிலேயே படித்துக்கொண்டேன். இயந்திரம் வந்து இரண்டாவது வாரத்தில் ஒரு பம்பியின் வார்ப்பிரும்பு முகத்தைச் சீவியபோது பரப்பெங்கும் அலை அலையாகக் கோடுகள் விழுந்தன. கட்டரில் பிழை என்று நினைத்து மூன்று கட்டர்களை மாற்றினேன். காரணம் கட்டர் சக்கிலிருந்து தேவைக்கு மேல் நீண்டிருந்ததுதான். வெளியே நீட்டியிருக்கும் நீளத்தை இரு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகும். விட்டத்தை இரு மடங்காக்கினால் வளைவு பதினாறில் ஒன்றாகக் குறையும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்ட பிறகு கட்டரை முடிந்தவரை உள்ளே தள்ளிப் பிடிப்பதையும், இயன்றவரை தடித்த கட்டரை எடுப்பதையும் பழக்கமாக்கினேன். அதோடு, இயந்திரத்தின் தகட்டுப் பீடத்தைக் கழற்றிவிட்டு, கம்பி கட்டி வார்த்த கொங்கிறீற் பீடத்தில் போல்ட் வைத்து இறுக்கினேன். அதன் பிறகு அதே ஆழத்தில் வெட்டியபோது சத்தமே மாறிவிட்டது. பழைய வார்ப்பிரும்பின் தோல் கடினமானது என்பதால் முதல் வெட்டை அந்தத் தோலுக்குக் கீழே இறக்க வேண்டும். மெல்லிய வெட்டாகத் தொட்டால் கட்டரின் முனை உடனே மழுங்கிவிடும். அப்படி ஆழமாக இறக்குவதற்குத்தான் இயந்திரத்துக்குக் கனம் வேண்டும். ஒரே விலையில் இரண்டு இயந்திரங்கள் இருந்து, ஒன்றில் வேகமும் மற்றதில் 100 கிலோ வார்ப்பும் கூடுதலாக இருந்தால், வார்ப்பு கூடியதையே எடுங்கள்.

பீடத்தை நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி வார்த்தது வேறு விதத்திலும் உதவியது. 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. பட்டறைக்குள் வந்த நீரில் லேத்தின் குளிர்நீர்ப் பம்பி போய்விட்டது. மில்லிங் இயந்திரம் தப்பியது.

இனி மின்சாரம். நமது விநியோகம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பது ஏட்டில் உள்ளது. ஆலையின் பெரிய மோட்டரும் என் பட்டறையும் ஒரே டிரான்ஸ்போமரில் இருப்பதால், அந்த மோட்டர் தொடங்கும் கணத்தில் என்னிடம் வோல்ற் சரியும்; என் இயந்திரத்தின் அச்சு மோட்டர்களை ஓட்டும் டிரைவர்கள் என்ற மின்னணுப் பெட்டிகள் பிழை காட்டி நின்றுவிடும், கட்டர் பொருளுக்குள் இருக்கும். முதலாண்டில் உடைந்த கட்டர்களில் பெரும்பாலானவை இப்படி உடைந்தவையே. கட்டுப்பாட்டுக் கணனிக்கு மட்டும் யுபிஎஸ் வைத்தால் போதும் என்று நினைத்தேன். கணனி உயிரோடு இருக்கும், மோட்டர்கள் நின்றுவிடும், கணனியோ மேசை நகர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். டிரைவர்கள் பிழை காட்டியவுடன் கணனியும் நிற்கும்படி ஒரு கம்பியை இணைத்ததும், ஒவ்வொரு அச்சிலும் நல்ல தொடக்கநிலைச் சுவிட்சுகளைப் பூட்டியதும் இந்தத் தொல்லையைத் தீர்த்தன. இப்போது மின் போய்த் திரும்பினால் அச்சுகளைத் தொடக்கநிலைக்கு அனுப்பி, 0.02 மில்லிமீற்றருக்குள் பழைய இடத்தைப் பிடித்துவிடுகிறேன்.

சுழல்தண்டு மோட்டரை ஓட்டும் அதிர்வெண் மாற்றி, ஒற்றைப் பேஸை உள்ளே வாங்கி மூன்று பேஸை வெளியே தருவது. 2.2 கிலோவாற் வரை இவை சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன. அதற்கு மேலே போனால் பெரும்பாலும் மூன்று பேஸ் இணைப்புக் கேட்கும். ஆகவே ஒற்றைப் பேஸ் இணைப்பு உள்ளவர் இயந்திரத்தைத் தேடும்போதே இந்த எல்லையை மனதில் வைத்திருக்க வேண்டும். இந்த மாற்றிகளிலிருந்து புவிக்கம்பிக்குச் சிறிதளவு மின் எப்போதும் கசியும் என்பதால், வீட்டுக்கும் பட்டறைக்கும் பொதுவாக இருந்த, மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. சிலர் அந்தச் சுவிட்சையே கழற்றிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இயந்திரத்துக்குப் பொருத்தமான சுவிட்சுடன் தனி இணைப்பை உரிய மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு போடுங்கள். எங்கள் செம்மண் ஆடி, ஆவணி மாதங்களில் ஆழம்வரை காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் புவிக்கம்பி தன் வேலையைச் சரியாகச் செய்யாது. ஒன்றுக்குப் பதிலாக மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு அடித்து இணைத்து, கோடையில் அவற்றின் அடியில் நீர் ஊற்றி வருகிறேன்.

2019 ஒக்டோபரில் இடியுடன் கூடிய மழை நாள் ஒன்றில் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துபோனது. முத்திரையிட்டு மூடிய பெட்டி அது. உள்ளிருந்த பலகையில் பெயரும் இல்லை, வரைபடமும் இல்லை. இயந்திரத்தை விற்றவரிடம் கேட்டபோது, அந்த வகை இப்போது வருவதில்லை என்றார். இரும்பெல்லாம் நன்றாக இருக்க, உள்ளங்கையளவு பலகை ஒன்றுக்காக இயந்திரம் நான்கு மாதம் துணி போர்த்திக்கொண்டு நின்றது. அந்த நான்கு மாதத்தில் ஓர் ஆலைக்காரர் வந்து, “அண்ணை, மெசின் இருக்கெண்டு சொன்னீங்கள், இப்ப திரும்பவும் யாழ்ப்பாணமோ?” என்று கேட்டது எனக்கு மிகவும் வலித்தது. முடிவில் பழைய பெட்டியை முழுவதுமாக அகற்றி, சாதாரண மேசைக் கணனி ஒன்றில் லினக்ஸ்சிஎன்சி என்ற இலவசக் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவி, மேசா வகை இடைமுகப் பலகை ஒன்றால் டிரைவர்களை இணைத்தேன். பழகுவதற்கு ஆறு வாரம் எடுத்தது. இன்று எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். மாற்றுப் பலகை ஒன்று அலுமாரியில் இருக்கிறது. எல்லா அமைப்புக் கோப்புகளும் இரண்டு பென்டிரைவில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வரைபடம் கையில் இருப்பது உத்தரவாதப் பத்திரத்தை விடப் பெறுமதியானது.

அடுத்த சோதனை 2022இல் வந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஒரு நீண்ட நிரலை ஓடவிட்டுவிட்டு இருக்க முடியாத நிலையில், எந்த நிரலும் 30 நிமிடத்துக்கு மேல் போகாதபடி வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு துண்டும் ஒரே கட்டருடன் தொடங்கி, கட்டர் பொருளுக்கு மேலே உயர்ந்த நிலையில் முடியும். மின்வெட்டு ஓய்ந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பிழை நேர்ந்தாலும் அரை மணித்தியால வேலையே வீணாகும்.

மென்பொருளில் அதிகம் சொல்ல இல்லை. முதலில், பொருளை வரைந்து வெட்டும் பாதையை உருவாக்கும் ஃபியூஷன் 360இன் இலவச அனுமதியில் வேலை செய்தேன். 2020 ஒக்டோபரில் அந்த அனுமதியில் விரைவு நகர்வுகளையும் தானியங்கிக் கட்டர் மாற்றத்தையும் நிறுத்தினார்கள்; தனிப்பட்ட பயன்பாட்டுக்கான அனுமதி என்பதால் கூலி வேலைக்கு அது பொருந்தவும் இல்லை. சாவிக் காடி, துளை வட்டம், தட்டைச் சீவல் ஆகியவற்றுக்கு ஜி-கோட்டை (இயந்திரத்துக்கான கட்டளை வரிகளை) நானே எழுதிவிடுகிறேன். மற்றவற்றுக்கு ஃப்ரீகாட் என்ற இலவச மென்பொருள் போதுமானதாக இருக்கிறது.

பராமரிப்பில் எங்கள் நிலத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. கிணற்று நீர் கடினமானது. அதில் கலந்த குளிர்எண்ணெய் சில வாரங்களில் திரிந்து, மேசையில் வெள்ளைப் படிவம் பிடித்தது. கூரையிலிருந்து மழைநீரைத் தாங்கியில் சேர்த்து அதில் கலக்கத் தொடங்கிய பிறகு அது நின்றது. மற்றது, சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கதவு வழியாக வரும் செம்மண் தூசி. அது வார்ப்பிரும்புத் தூளுடனும் எண்ணெயுடனும் சேர்ந்தால் தேய்ப்புக் களிம்பு போலாகி, மேசை சறுக்கி நகரும் புறாவால் வடிவ வழித்தடங்களைத் தின்றுவிடும். ரப்பர் விரிப்பு மூடிகளை நானே வெட்டிப் பூட்டினேன். ஐஎஸ்ஓ 68 வழித்தட எண்ணெயை நாள்தோறும் காலையில் அடிக்கிறேன். அப்படியிருந்தும் எக்ஸ் அச்சின் நடுப்பகுதி ஓரளவு தேய்ந்திருக்கிறது, ஏனெனில் எல்லா வேலையும் மேசையின் நடுவிலேயே நடக்கிறது. பொருளைப் பிடிக்கும் வைஸை மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

இன்று மீண்டும் வாங்குவதானால் ஒற்றைப் பேஸையும் ஏறத்தாழ இதே சுற்றையும் வைத்துக்கொண்டு இரண்டை மாற்றுவேன். என் சுழல்தண்டின் கட்டர் பிடிக்கும் கூம்பு ஆர்8 வகை. ஒவ்வொரு கட்டரையும் ஸ்பானரால் இறுக்கி, ஒவ்வொரு தடவையும் உயரத்தை மறுபடி அளக்க வேண்டும். பிடி30 வகையில் பிடிப்பான் கட்டருடனேயே இருப்பதால் உயரத்தை ஒருமுறை அளந்து பதிந்தால் போதும். இரண்டாவது, வை அச்சின் 200 மில்லிமீற்றர் எனக்குப் பல வேலைகளை இழக்க வைத்தது. ஆலைகளில் வரும் பெயாரிங் வீடுகள் (பெயாரிங்கைத் தாங்கும் கூடுகள்) பல அதைவிட அகலமானவை. 300 இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொருளையே சுழற்றும் நான்காவது அச்சு வாங்கியிருக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு பற்சக்கரங்களுக்கு மேல் அதற்கு வேலை வரவில்லை.

பழைய இயந்திரம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் காந்தப் பீடத்துடன் ஒரு டயல் கேஜைக் கொண்டு போங்கள். மேசையில் அதைத் தொடவைத்து, 0.1 மில்லிமீற்றர் முன்னே நகர்த்திப் பின்னே திருப்புங்கள்; முள் நகராமல் நிற்கும் அளவே அந்த அச்சின் தளர்வு. மேசையின் இரு ஓரங்களிலும் நடுவிலும் தனித்தனியே பாருங்கள். ஓரத்தில் 0.02ம் நடுவில் 0.10ம் காட்டினால் ஸ்குரு நடுவில் தேய்ந்திருக்கிறது. இறுக்கிச் சரிசெய்தால் ஓரத்தில் மேசை சிக்கிக்கொள்ளும். பிறகு கேஜைச் சுழல்தண்டில் பூட்டி, மேசை மேல் 200 மில்லிமீற்றர் வட்டத்தில் கையால் சுற்றுங்கள்; முள் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவுக்குச் சுழல்தண்டு மேசைக்குச் செங்குத்தாக இல்லை. விற்பவர் இதற்கு இடம் தராவிட்டால் அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். இதே வட்டச் சோதனையை என் இயந்திரத்துக்கும் ஆண்டுக்கு இரு தடவை, மாரி மழை முடிந்த தையிலும் நிலம் காய்ந்த ஆவணியிலும் செய்கிறேன். அடியிலுள்ள மண் நீர் குடித்து உப்பி, காய்ந்து சுருங்கும்போது பீடமும் சற்று அசைகிறது. கடந்த ஆவணியில் 0.06 காட்டியது. சமன்செய்யும் போல்ட்டுகளைத் திருகி 0.02க்குக் கொண்டுவர ஒரு பிற்பகல் எடுத்தது.