லாங்செட்டா, டவ்ஸ்டோனா, டெர்வென்ட்டா: டார்க் பீக்கில் ஒரு நாள் சுற்று நடைக்கு எது சரி?

மான்செஸ்டர், ஷெஃபீல்ட் பக்கம் குடியிருப்பவர்களுக்கும், அங்கே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து ஒரு சனிக்கிழமை முழுக்கச் சும்மா கிடைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீர்த்தேக்கமும் பார்க்க வேண்டும், மேலே மரமே இல்லாமல் விரிந்து கிடக்கும் மூர்லேண்டிலும் நடக்க வேண்டும், கிளம்பிய இடத்துக்கே திரும்பவும் வேண்டும், ஆனால் கயிறு கட்டி ஏறும் வேலையெல்லாம் வேண்டாம் என்றால் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் வடபாதியான டார்க் பீக்கில் மூன்று சுற்றுகள் முன்னால் வந்து நிற்கும். மூன்றும் நல்லவைதான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ள முடியாது.

நான் பார்ப்பது இதைத்தான்: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது நடக்கும்போதே காலுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்து மேட்டு நிலம் முழுக்க பீட், அதாவது பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காமல் சேர்ந்த கறுப்புத் தாவரச் சேறு. அது மழையைக் குடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே விடுகிறது, ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பதும் அதனால்தான். கீழே பள்ளத்தாக்கை அடைத்து அணை கட்டி நகரங்களுக்குக் குழாய் போட்டார்கள். ஆக, அணையை மட்டும் சுற்றிவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாகும்.

லாங்செட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், மூன்றில் எளிதானது அதுதான். ஷெஃபீல்டுக்கு வடமேற்கே ஸ்டாக்ஸ்பிரிட்ஜைத் தாண்டி இருக்கிறது, 1904-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். ஆறேழு கி.மீ.தான், நிதானமாக நடந்தாலும் அரை நாளில் முடியும். முதலில் பைன் மரங்களுக்குள் கரையோரமாகப் போய், புரூக்ஹவுஸ் பாலத்தைத் தாண்டி ஹிங்கிளிஃப் காமன் மேலே ஏறினால் சட்டென்று மரம் எல்லாம் காணாமல் போய் ஹெதர் புதர்தான் கண்ணுக்கெட்டிய தூரம். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு மூர் வேறெங்கும் கிடைக்காது. ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் போனால் முழு மேடும் ஊதாவாக இருக்கும். திரும்பும் வழியில் வட அமெரிக்கா என்றே பெயர் வைத்த ஒரு பண்ணையின் இடிபாடு இருக்கிறது. நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீர் மாசுபடக் கூடாது என்று ஆட்களைக் காலி செய்துவிட்டார்கள், அப்புறம் இரண்டாம் உலகப் போரில் ராணுவம் அதைக் குறிவைத்துச் சுட்டுப் பழகியது. இன்று முழங்கால் உயரச் சுவரும் உருண்டு கிடக்கும் கற்களும்தான் மிச்சம். அந்தக் கல்லில் உட்கார்ந்து கீழே தண்ணீரைப் பார்த்தபடி சோறு சாப்பிட நல்ல இடம். குழந்தைகளோடோ, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடோ போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். நன்றாக நடக்கிறவருக்கு மதியத்துக்குள் முடிந்துபோய் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும், அது ஒன்றுதான் குறை.

டவ்ஸ்டோன் வேறு ரகம். கார் இல்லாதவர்களுக்கு இதுதான் வசதி. மான்செஸ்டர் பிக்காடில்லியிலிருந்து ஹடர்ஸ்ஃபீல்ட் போகும் ரயிலில் கிரீன்ஃபீல்டில் இறங்கி அரை மணிக்கு மேல் நடந்தால் அணைக்கரை. கீழே டவ்ஸ்டோன் (1967), அதற்கு மேலே யோமன் ஹே (1880), கிரீன்ஃபீல்ட் (1902), தனியாக உச்சியில் சூ (1912) என்று நான்கு நீர்த்தேக்கங்கள். யோமன் ஹே அணை அருகே 1981-இல் டோங்கா நாட்டு மன்னர் வந்து சென்றதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது, தேடிப் பாருங்கள், பசிபிக் தீவு மன்னருக்கும் மழை கொட்டும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடக்கலாம்.

கீழ் நீர்த்தேக்கத்தை மட்டும் சுற்றினால் சுமார் 4 கி.மீ., சமதளம், தள்ளுவண்டிக் குழந்தையோடுகூடப் போகலாம், வார இறுதியில் கூட்டம் நெரியும். மேலே ஏறும் பெரிய சுற்று கிட்டத்தட்ட 15 கி.மீ. பர்ச்சன் கிளஃப் ஓடை வழியாக ஏறி, ரேவன் ஸ்டோன்ஸ் பாறை விளிம்பில் நடந்து, சூ நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து தார்ச்சாலையில் இறங்குவது. காட்சி பிரமாதம், மறுக்கவே மாட்டேன். ஆனால் பல இடங்களில் இதை 'மிதமான நடை' என்று எழுதிவைத்திருப்பதை நான் ஏற்கவில்லை. பர்ச்சன் கிளஃபில் ஈரப் பாறைகளைக் கையால் பிடித்துத்தான் ஏற வேண்டும், மழைக்கு மறுநாள் அது வழுக்குப் பாறை. டிரின்னக்கிள் என்னும் மூன்று கல் தூண்கள் மேல் ஏறிப் புகைப்படம் எடுப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, கால் தவறினால் கீழே வெறும் பள்ளம்தான், தயவுசெய்து வேண்டாம். கடைசியில் அந்தத் தார்ச்சாலை இறக்கம் வேறு முட்டியைப் பதம் பார்க்கும்.

டவ்ஸ்டோனை நான் மதிப்பதற்கு வேறு காரணம் உண்டு. நூற்றைம்பது வருட ஆலைப்புகை இங்கே ஸ்பேக்னம் பாசியைக் கொன்றுவிட்டது. பாசி போனதும் பீட் காய்ந்து மழையில் அரித்துக்கொண்டு போனது. பிறகு ஆர்எஸ்பிபி பறவைப் பாதுகாப்பு அமைப்பும் தண்ணீர் நிறுவனமும் சேர்ந்து ஓடைகளை அடைத்து, பாசியைக் கையால் நட்டிருக்கிறார்கள். மேலே நடக்கும்போது பாதையோரம் குனிந்து பாருங்கள், கறுப்புச் சேற்றின் நடுவே இளம்பச்சை மெத்தை போல ஒரு திட்டு இருந்தால் அதுதான். விரலால் அழுத்தினால் தண்ணீர் கசியும். 2018 கோடையில் பக்கத்து சாடில்வொர்த் மூர் பற்றி எரிந்து ராணுவத்தையே கூப்பிட வேண்டியிருந்தது. அதனால் அடுப்பு, பார்பிக்யூ எதுவும் கொண்டுபோகாதீர்கள்.

சரி, டெர்வென்ட். என் ஓட்டு இதற்குத்தான்.

ஷெஃபீல்டுக்கு மேற்கே, ஃபேர்ஹோம்ஸ் கார் நிறுத்துமிடத்தில் ஆரம்பித்து, கிழக்குக் கரையில் லேடிபவர் நீர்த்தேக்கத்தை ஒட்டித் தெற்கே நடந்து, கிரிண்டில் கொட்டகைகள் வழியாக டெர்வென்ட் எட்ஜ் மேலே ஏறி, விளிம்போடு வடக்கே பேக் டோர் (538 மீட்டர்), லாஸ்ட் லேட் வரை போய், ஏபி புரூக் பக்கம் இறங்கி, டெர்வென்ட் நீர்த்தேக்கக் கரையில் திரும்பி வருவது. இதுவும் 15 கி.மீ. அளவுதான், ஆனால் கையை ஊன்ற வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஏற்றம் ஒன்றே ஒன்று, அதையும் தொடக்கத்திலேயே முடித்துவிடுவீர்கள். பலர் இதை எதிர்த்திசையில் போகிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் நல்லது என்பேன், இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும், அது முகத்தில் அறைவதைவிட முதுகைத் தள்ளுவது மேல். மேலே வீல் ஸ்டோன்ஸ், சால்ட் செல்லர் என்று காற்று செதுக்கிய பாறைகள் வரிசையாக வரும், சேறு அதிகமான இடங்களில் கல் பலகை பதித்திருக்கிறார்கள், கால் நனையாது. க்ரவுஸ் பறவை புதரிலிருந்து திடீரென்று கத்திக்கொண்டு எழும்பும், பயந்துவிடாதீர்கள்.

கீழே தெரியும் தண்ணீருக்கடியில் டெர்வென்ட், ஆஷப்டன் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. லேடிபவர் அணைக்காக இரண்டையும் காலி செய்தார்கள், டெர்வென்ட் தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது, 1947-இல் அதையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2018, 2022 வறட்சிகளில் வீடுகளின் அடித்தளம் வெளியே தெரிந்தது. அப்படித் தெரியும் காலத்தில் போனால் கரையில் நின்றே பாருங்கள், அந்தச் சேறு ஆளை இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். நடையின் முடிவில் வருகிறது 1916-இல் முடிந்த டெர்வென்ட் அணை, ஜெர்மனியின் அணைகளைக் குண்டு போட்டுத் தகர்த்த டாம்பஸ்டர்ஸ் விமானிகள் 1943-இல் தாழப் பறந்து பயிற்சி எடுத்த அதே இடம். நல்ல மழைக்குப் பிறகு இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அணையின் முழு அகலத்துக்கும் தண்ணீர் வழியும், காலையில் மேலே மிதித்த பீட்டிலிருந்து வந்த தண்ணீர்தான் அது. மற்ற இரண்டு சுற்றிலும் இந்தத் தொடர்பு இவ்வளவு தெளிவாகக் கண்ணில் படுவதில்லை.

டார்க் பீக்கின் மிக உயரமான மேடான கிண்டர் ஸ்கவுட்டை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். மேட்டில் நடக்கும் உரிமை கேட்டுத் தடையை மீறிப் போன 1932 அத்துமீறல் நடையின் வரலாறு அங்கே இருக்கிறது, அருவி இருக்கிறது, எல்லாம் சரி, ஆனால் 600 மீட்டருக்கு மேலே மூடுபனி இறங்கினால் வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கு அது மிதமான நடை இல்லை. அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மூன்று சுற்றுக்கும் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 1 வரைபடம் ஒன்றே போதும், காகிதத்திலேயே வாங்கிவிடுங்கள், பள்ளத்தாக்குக்குள் கைபேசி சிக்னலை நம்ப முடியாது. நாய் கூட வந்தால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை மூரில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது, பறவைகள் தரையில்தான் கூடு கட்டும்.