3 லிட்டர் ஏரேட்டர்: பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வீடுகளுக்கு ஒத்துவருமா?

குழாய் முனையில் திருகும் ஏரேட்டர் தண்ணீரில் காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும். இது நிமிடத்துக்கு 3, 6, 8 லிட்டர் என்று பல அளவில் கிடைக்கிறது. பாக்கெட்டில் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் எடுத்த அளவு. மாடி டேங்குக்கும் குழாய்க்கும் மூன்று மீட்டர் உயரம் என்றால் 0.3 பார்தான் வரும். அந்த அழுத்தத்தில் நுரை கட்டாது, நூல் மாதிரி ஒழுகும். ஒற்றை மாடி வீட்டுக்குச் சிறு துளைகள் உள்ள ஸ்ப்ரே வகையே நல்லது.

முதலில் அளந்து பாருங்கள். குழாயை முழுக்கத் திறந்து ஒரு லிட்டர் ஜக்கைப் பிடியுங்கள். 6 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 10 நொடிக்கு மேல் போனால் அடுக்களைக் குழாய்க்கு ஏரேட்டர் வேண்டியதே இல்லை. வாஷ்பேசினுக்கு 3 போதும். பாத்திரம் கழுவ 6 வேண்டும், இல்லையென்றால் வீட்டில் கழற்றி எறிந்துவிடுவார்கள். வாளி பிடிக்கும் குழாயில் மாட்டுவது வெட்டிவேலை. 15 லிட்டர் வாளிக்கு எப்படியும் 15 லிட்டர்தான், நேரம்தான் கூடும்.

பாத்திரம் கழுவ நாளைக்கு 20 நிமிடம் குழாய் ஓடினால், 10 லிட்டர் 6 ஆகும்போது 80 லிட்டர் மிச்சம். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு 5000 லிட்டர் லோடு குறையும். தமிழ்நாட்டுடன் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணை வழியாகச் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி. அதற்கே கோடைதோறும் தகராறு. வீட்டுக்கென்று புதிதாக எங்கிருந்து வரும்?

குழாய் முனைக்குள் மரை இருந்தால் 24 மி.மீ. வெளிமரை ஏரேட்டர், வெளியே இருந்தால் 22 மி.மீ. உள்மரை என்பது பொதுவான அளவு. பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோவது உத்தமம். மரையே இல்லாத சாதாக் குழாயில் மாட்ட முடியாது. மாட்டும் முன் குழாயைத் திறந்து மணலை வெளியே விடுங்கள். ரப்பர் வாஷரே கசிவைத் தடுக்கும், டெஃப்லான் டேப் தேவையில்லை. கையால் இறுக்கினால் போதும். பிளையர் போட்டால் பிளாஸ்டிக் விரியும்.

நம் கிழக்குப் பக்கத்து போர் தண்ணீருக்கு இது சீக்கிரம் அடைக்கும். வேகம் குறைந்ததும் கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசியால் குத்தினால் துளை அகன்று தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும். கழுத்து திரும்பும் மாடல் பார்க்க அழகு, ஆனால் உப்பு ஏறினால் அந்த மூட்டுதான் முதலில் ஒழுகும். நேர் மாடலே வாங்குங்கள்.