பலூனா, அட்டைச் சட்டமா: தலையில் மாட்டும் காகிதத் தலைக்கு எது சரி?

கரடியோ பூதமோ, காகிதமும் பசையும் வைத்துத் தலை செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பலூனில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஊதினால் உருவம் தயார், மேலே காகிதம் ஒட்டிக் காயவைத்தால் ஓடு தயார். அலமாரியில் வைக்க இது போதும். மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆட வேண்டுமென்றால் கணக்கு வேறு.

30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை பலூனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் தலை மூக்கு, காதோடு தாராளமாக நுழைய அடியில் 24 செ.மீ. அகலத்துக்காவது வாய் வெட்ட வேண்டும். வெட்டியபின் மிஞ்சும் உயரமும் 24 செ.மீ. தான். முகவாயிலிருந்து உச்சிவரை நமக்கே 22, 23 செ.மீ. இருக்கும், உள்ளே ஸ்பாஞ்ச் வைக்க இடம் எங்கே? 40 செ.மீ. அளவில் பெரிய பலூனோ, காற்றடைத்த பந்தோ கிடைத்தால் சரி. இன்னொரு தொல்லை, இரவுக் குளிரில் பலூன் கொஞ்சம் சுருங்கும். முதல் அடுக்கு ஈரமாக இருக்கும்போது அது நடந்தால் ஓடு சுருக்கம் விழுந்துவிடும். காய்ந்த பிறகும் பட்டென்று உடைக்காமல், முடிச்சுப் பக்கம் சிறு துளையிட்டு மெல்லக் காற்றை விடுவதே நல்லது.

அட்டைச் சட்டம் எதிர்த்திசையில் போகிறது. முதலில் அணியப் போகிறவரின் நெற்றியைச் சுற்றி, 2 செ.மீ. தளர்வாக, ஒரு அட்டைப் பட்டை. உச்சிமேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. இந்தத் தொப்பியிலிருந்துதான் கன்னம், மூஞ்சி, பின்மண்டை எல்லாம் வெளியே வளரும். பாரம் உச்சியில் உட்காரும், கழுத்தைத் திருப்பினால் முகமும் கூடவே திரும்பும். பலூன் தலையில் இதுதான் பெரிய குறை: நாம் திரும்புவோம், கரடி நேரே பார்த்துக்கொண்டிருக்கும். நீட்டிய மூஞ்சிக்கும் அட்டையே தோது, ஏனென்றால் அது சட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. பலூனில் பிறகு ஒட்டும் மூஞ்சி இடிபட்டால் முதலில் கழன்று விழும்.

அட்டையிலும் குறை உண்டு. பட்டைகளுக்கு நடுவே காகிதம் உள்வாங்கி, காய்ந்தபின் விலா எலும்பு மாதிரி தெரியும். ஈரப் பசை பட்டால் அட்டையே தொய்யும். பசையைத் தொடுவதற்கு முன் சட்டம் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டால் இரண்டும் தீரும். வேலை கூடத்தான்.

களிமண் அச்சு என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. நுணுக்கமான முகம் அதில்தான் வரும். ஆனால் அச்சின்மேல் காய்ந்த காகித ஓட்டினை இரண்டாக அறுத்துக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். ஒரே முகம் பல வேண்டுமென்றால் மட்டும் அந்தப் பாடு.

பசையில் எனக்குப் பெரிய கட்சி இல்லை. மைதா பசை மலிவு, நன்றாக வழுக்கும். மெதுவாகக் காயும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை சீக்கிரம் இறுகும், கெட்டியாக நிற்கும். எதுவானாலும் ஓர் அடுக்கு முழுசாகக் காய்ந்த பிறகே அடுத்தது. செய்தித்தாள் ஒரு சுற்று, வெற்றுத்தாள் ஒரு சுற்று என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்கே தெரியும். காகிதத்தைக் கத்தரிக்காமல் கிழியுங்கள், பிசிறு விளிம்பு படிந்து மறையும். காகிதக் கூழைப் புருவம், மூக்கு நுனிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தலைக்கும் அப்பினால் பாரம், காயும்போது வெடிப்பு வேறு.

உள்பக்கத்துக்கும் வார்னிஷ் ஒரு கை அடிக்க வேண்டும். வியர்வையும் மூச்சின் ஈரமும் இந்த இரண்டு பசையையும் இளக்கும். பார்வைத் துளையைக் கரடியின் கண்ணில்தான் போட வேண்டும் என்றில்லை. திறந்த வாய்க்குள் கறுப்பு வலை ஒட்டினால் வெளியே தெரியாது, காற்றும் வரும். அந்த வாய் நம் கண்மட்டத்துக்கு வருகிறதா என்பதைச் சட்டத்தை மாட்டிப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். பலூனில் அதற்கு வழியே இல்லை, வெட்டி மாட்டின பிறகுதான் தெரியும்.