டிரோஜன் புகுந்துவிட்டது: ஸ்கேனா, ரீசெட்டா, ஃபார்மட்டா?

நல்ல ஃபைல் போல நடித்துக் கணினிக்குள் நுழையும் கெட்ட புரோகிராம்தான் டிரோஜன். அது நுழையும் வழிகளில் ஒன்று இது: சுருக்கிக் கட்டிய ஜிப் ஃபைல் ஒன்றுக்குள் ஒரு படம் இருக்கிறது. கூடவே அதே பெயரில் ஒரு ஃபோல்டர். அதைப் பிரிக்கும் வின்ரார் மென்பொருளின் 6.23-க்கு முந்தைய பதிப்பில் அந்தப் படத்தை டபுள் கிளிக் செய்தால், ஃபோல்டருக்குள் ஒளித்துவைத்த ஸ்கிரிப்ட் ஓடும். 2023-இல் பங்கு வர்த்தகம் செய்பவர்களைக் குறிவைத்து ரெம்காஸ் (தொலைவிலிருந்து கணினியை இயக்க விடுவது) போன்ற டிரோஜன்களை இறக்கியது இந்த ஓட்டை வழியாகத்தான். 2025-இல் அதே வின்ராரில் இன்னொரு ஓட்டை வெளிப்பட்டது. ஃபைலைப் பிரித்தாலே போதும், உள்ளே ஒளித்த டிரோஜன் நாம் சொன்ன இடத்தில் விழாமல் விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போய் உட்காரும். அடுத்த லாகினில் தானாக ஓடும். அது 7.13-இல் அடைபட்டது. ஆனால் வின்ரார் தானாக அப்டேட் ஆகாது, விண்டோஸ் அப்டேட்டும் அதைத் தொடாது. அதனால் எந்த வழியில் சுத்தம் செய்தாலும் பழைய பதிப்பை விட்டுவைத்தால், அடுத்த ஃபைலுக்கும் அதே கதவு திறந்தேதான் இருக்கும்.

சுத்தம் செய்வதற்கு முன் வைஃபையைத் துண்டித்துவிடுங்கள். தேவையான கருவியை வேறொரு கணினியில் டவுன்லோட் செய்து பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

எல்லோரும் முதலில் செய்வது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேன். பல மணி நேரம் இழுக்கும், பலன் சுமார்தான். காரணம், அது ஓடுவதும் டிரோஜன் ஓடும் அதே விண்டோஸுக்குள். அட்மின் உரிமை கிடைத்த டிரோஜன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, தன் ஃபோல்டரை டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் சேர்ப்பது. அங்கே இருப்பதை ஸ்கேன் எட்டியே பார்க்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ்: நீங்கள் எதையும் சேர்க்கவில்லை என்றால் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதுமே அங்கே இருந்தால் டிரோஜன் வேலைதான், சந்தேகமே வேண்டாம். (கிராக் செய்த ஆக்டிவேட்டர் போடும்போது "ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று கேட்டதும் அணைத்தவர்கள் இதை அவசியம் பார்க்கவும்.)

ஆஃப்லைன் ஸ்கேன் இதைவிட ஒரு படி மேல். அதே பக்கத்தில் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழும்பாமலே சுமார் 15 நிமிடம் தேடும். டிரோஜன் ஓடிக்கொண்டிருக்காது, அதனால் ஒளியவும் முடியாது, அழிப்பதைத் தடுக்கவும் முடியாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்கலாம். 48 இலக்கம், முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும்.

இரண்டாவது கருத்து கேட்க மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரா, வேறு நிறுவனத்தின் ஸ்கேனரான மால்வேர்பைட்ஸா? முன்னது டிஃபெண்டருக்கு உள்ள அதே தகவலை வைத்துத்தான் தேடுகிறது. டிஃபெண்டரையே டிரோஜன் முடக்கிவிட்ட கணினியில் உதவும், மற்றபடி புதிதாகச் சொல்ல அதனிடம் அதிகம் இருக்காது. டவுன்லோட் செய்து 10 நாளில் காலாவதியாகும். நடுவில் அது காட்டும் எண்ணிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம், இறுதி முடிவுதான் கணக்கு. வேறு கண்ணால் பார்க்க மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பே மேல்.

விண்டோஸைப் புதிதாகக் கட்டும் 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் புரோகிராம்கள் போகும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் அப்படியே இருக்கும், டிரோஜனைக் கொண்டுவந்த ஃபைலும் அங்கேயே இருக்கும். லோக்கல் ரீஇன்ஸ்டால் அதே டிஸ்க்கில் உள்ளதை வைத்து விண்டோஸைக் கட்டுகிறது. ரீசெட்தான் செய்வேன் என்றால் கிளவுட் டவுன்லோட், 'ரிமூவ் எவ்ரிதிங்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். 4 ஜிபி அளவுக்கு டேட்டா வேண்டும். இதற்கு மட்டும் இணையத்தை இணைத்தாக வேண்டும்.

வெறும் விளம்பரம் காட்டும் ரகம் என்றால் ஆஃப்லைன் ஸ்கேனும் மால்வேர்பைட்ஸும் போதும். ரெம்காஸ், ஏஜென்ட் டெஸ்லா, ரெட்லைன் என்று, பாஸ்வேர்டு திருடும் அல்லது தொலைவிலிருந்து இயக்க விடும் டிரோஜனின் பெயர் வந்தால் நேராக ஃபார்மட்தான், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. தொலைவிலிருந்து ஒருவர் கணினியை இயக்கியிருக்கலாம் என்றால் அவர் வேறு என்னென்ன வைத்துவிட்டுப் போனார் என்று எந்த ஸ்கேனராலும் உறுதி சொல்ல முடியாது. நோய் இல்லாத இன்னொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 இன்ஸ்டாலரை ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பது அழியும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், அதையே திரும்பப் போடுவது வீண்வேலை. இன்ஸ்டால் திரையில் பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) அழிக்கும் இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், எல்லாவற்றையும் டெலீட் செய்யும்போது டி-யில் உள்ள கல்யாண ஃபோட்டோவும் சேர்ந்தே போகும். முன்பே ஆக்டிவேட் ஆன கணினி என்றால் லைசென்ஸ் கீ தேவையில்லை, இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

திருடுபோன பாஸ்வேர்டை ஃபார்மட் திருப்பித் தராது. மொபைலிலிருந்து முதலில் மெயில், பிறகு வங்கி என்று மாற்றுங்கள். லாகினை நினைவில் வைத்திருக்கும் பிரவுசர் குக்கியையும் எடுத்திருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வருவார்கள். அதனால் 'சைன் அவுட் ஆஃப் ஆல் டிவைசஸ்' கட்டாயம். பேக்கப்பிலிருந்து படம், வீடியோ, பிடிஎஃப் மட்டும் எடுங்கள். செட்டப் ஃபைல், ஷார்ட்கட், ஜிப், மேக்ரோ உள்ள எக்செல் எதையும் புது விண்டோஸுக்குள் கொண்டுவராதீர்கள்.